“எங்கட ஐயா எங்கை?”: ஊர்ச் சமயப் பெரியவர் ஒருவரின் வரலாற்றை எழுதும் வழி

யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணைப் பக்கத்து அச்சகம் ஒன்றில் 26 வருடம் வேலை செய்தேன். ஈய எழுத்துக் கோத்துத் தொடங்கி, கணினியில் முடித்தேன். கல்வெட்டு (இறந்தவரின் நினைவாக 31ஆம் நாள் வெளியிடும் சிறுநூல்), கும்பாபிஷேக மலர், ஆலய யூபிலி மலர் என்று சமயப் பெரியவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் நூற்றுக்கணக்கில் என் கையால் போயிருக்கும்.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோயில் பூசகர் காலமானபோது, 31ஆம் நாள் கல்வெட்டுக்கு வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதினேன். ‘சிவப்பணியே தம் பணியாகக் கொண்டு’, ‘அன்பும் பண்பும் ஒருங்கே அமையப்பெற்று’ என்று இரண்டு பக்கம். அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை) நடந்த வீட்டு விறாந்தையில் அதை வாசித்து முடித்த ஆச்சி ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, இதுக்குள்ள எங்கட ஐயா எங்கை?”

பிறகு அவரே சொன்னார். போரால் ஊரே வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஐயா எழுந்தருளிப் பிள்ளையாரை உரப்பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி அந்த மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்தாராம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மூலையில், சிரட்டையில் எண்ணெய் விட்டு விளக்கேற்றி, ஒரு நாள் பூசையும் தவறவிடவில்லையாம். இதில் ஒரு வரிகூட என் இரண்டு பக்கத்தில் இல்லை. அந்த வெட்கத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தேடாதீர்கள், அவர் நின்ற இடத்தைத் தேடுங்கள். நம் ஊர்ச் சித்தர் யோகர் சுவாமியை (1872–1964) எழுத வேண்டுமென்றால் நல்லூர்த் தேரடிக்குப் போய் நில்லுங்கள். அவருக்குக் குருவான செல்லப்பா சுவாமி அவரைப் பார்த்து “யாரடா நீ?” என்று அதட்டியது அங்கேதான். கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதிக் களஞ்சியத்தில் வேலை பார்த்த ஒருவர், அந்த ஒரு கேள்விக்காக வேலையை விட்டுவிட்டு வந்தார். பின்பு கொழும்புத்துறை இலுப்பை மரத்தடிக்குப் போங்கள். தேரடிக்கும் அந்த மரத்தடிக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒருமுறை நடந்து பார்த்தால், எதை எழுதவேண்டும் என்று கால் சொல்லித்தரும்.

அடுத்தது தேதி. மலர்களில் அதிகம் பிழைபடுவது இதுதான். நம் பழைய கல்வெட்டுகளில் முதல் பக்கத்தில் திதி வெண்பா இருக்கும். வருடப் பெயர், மாதம், பட்சம், திதி எல்லாம் நான்கு அடிக்குள் அடங்கிவிடும். ஆனால் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ‘பிரமாதி’ என்றிருந்தால் அது 1879ஆகவும் இருக்கலாம், 1939ஆகவும் இருக்கலாம், 1999ஆகவும் இருக்கலாம். ஆறுமுக நாவலர் மறைந்தது பிரமாதி கார்த்திகையில், ஆங்கிலக் கணக்கில் 1879 டிசம்பர் 5. குருபூசையோ கார்த்திகை மகத்தில் வரும். ஆகையால் வருடத்துக்கு வருடம் தேதி மாறும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றை மற்றதாக மாற்றி எழுதப் போனால் பின்னால் வருபவர் திண்டாடுவார்.

கிறிஸ்தவப் பெரியவர் என்றால் பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். பெற்றோர் பெயரும் ஞானத் தாய் தந்தையர் பெயரும் அதில் இருக்கும். யார் யாரோடு உறவாக இருந்தார்கள் என்பது அங்கே தெரியவரும்.

முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகதெருப் பெரியவர்களின் கதையைக் கேட்கப் புத்தளம்வரை போகவேண்டியிருக்கும். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் இங்கிருந்து வெளியேற்றப்பட்டபோது அந்த நினைவுகளும் அவர்களோடு போய்விட்டன. திரும்பி வந்தவர்கள் சிலர்தான். போனால் அவசரப்படாதீர்கள். முதல் நாள் பெரியவரைப் பற்றிக் கேட்காமல், விட்டுவந்த வீட்டைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அதைக் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

அற்புதங்களை என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வெட்டவும் வேண்டாம், வரலாற்றோடு கலக்கவும் வேண்டாம். கத்தோலிக்கக் குருவான யோசேப் வாஸ் அடிகளைப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம். கோவாவிலிருந்து 1687இல் கூலிக்காரர் வேடத்தில் இங்கு வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்தே மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலைதான் அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர். இதெல்லாம் வரலாறு. கண்டியில் வரட்சிக் காலத்தில் அவர் செபித்தபோது மழை பெய்தது என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. அதை ‘என்று சொல்வார்கள்’ என்று தனிப் பந்தியில் வையுங்கள். 1711இல் கண்டியில் மறைந்தார், 2015 ஜனவரி 14இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கசப்பானதையும் எழுதுங்கள். எனக்கு இது இன்றும் கடினம். நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் மிஷன் பள்ளியில் அவரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர். 1848இல் அந்தப் பள்ளியை விட்டு விலகி வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார், அடுத்து அச்சுக்கூடமும் நிறுவினார். பெரியபுராணத்தை வசனமாக்கித் தந்தார். பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்தார். சாதி வரம்புகளையும் அவரே தாங்கிப் பிடித்தார். அச்சுத் தொழிலில் அவரை முன்னோராகக் கும்பிட்டவன் நான். கடைசி வரியை விட்டுவிட்டு எழுதினால், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மலரை என்னவென்று வாசிப்பார்கள்?

கதை கேட்கப் போகும்போது கொப்பியை முதலில் எடுக்காதீர்கள். தேத்தண்ணி வரட்டும். “எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “நல்ல மனுசன்” என்ற பதில்தான் வரும். “கோபம் வந்தா என்ன செய்வார்? என்ன சாப்பிடுவார்? யாரோட கதைக்கமாட்டார்?” என்று கேளுங்கள். ட்றங்குப் பெட்டியில் பழைய கல்வெட்டு, கடிதம் ஏதும் இருந்தால் வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே கைபேசியில் படம் எடுங்கள். எத்தனையோ வீடுகளில் ‘இரவல்’ போன தாள்கள் திரும்பி வரவேயில்லை.

எழுதியதற்கு மூன்று படியாவது வேண்டும். 1981 ஜூன் முதலாம் நாள் நம் பொதுநூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள். சுவாமி ஞானப்பிரகாசர் வழியில் சொல்லாராய்ச்சி செய்த தாவீது அடிகள் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்விட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. ஒரு படி வீட்டில், ஒரு படி கோயிலில் அல்லது பங்கில், ஒரு படியை ஈழத்து நூல்களை இணையத்தில் சேமிக்கும் ‘நூலகம்’ நிறுவனத்துக்கு மின்னூலாக்கக் கொடுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் முதற்படியை அவரை அறிந்த ஒருவரிடம் கொண்டுபோய் உரத்து வாசியுங்கள். புகழ்ச்சி வரும் இடத்தில் தலையாட்டுவார்கள். “இல்லைத் தம்பி, அது அவரின்ர சைக்கிள் இல்லை, இரவல் வாங்கினது” என்று குறுக்கிடும்போது வாசிப்பதை நிறுத்திப் பேனையை எடுங்கள்.