இரு தொடர்களின் நாயகர்களை ஒப்பிடுவது எப்படி

யாருக்கு ஆற்றல் அதிகம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு நாயகனும் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது வெளிப்படும் முதல் காட்சியைத் தேடிப் பிடியுங்கள். நாவல் தொடரின் நாயகன் ஹாரி பாட்டர், ஜப்பானியப் படக்கதைத் தொடரின் நிஞ்ஜா சிறுவன் நருட்டோ ஆகிய இருவரும் பெற்றோரை இழந்தவர்கள் என்ற ஒற்றுமையோடு நின்றுவிட்டால் ஒப்பீடு மேலோட்டமாகவே முடியும். மாடிப்படிக்கு அடியில் வளர்ந்த ஹாரி, தான் ஒரு மந்திரவாதி என்று மந்திரப் பள்ளியிலிருந்து வந்த ஹாக்ரிட் சொன்னதும் ஏதோ தவறு நேர்ந்திருப்பதாக நினைக்கிறான். ஊரே ஒதுக்கிவைத்த நருட்டோவோ, ஒருநாள் ஹோகாகே, அதாவது ஊரின் தலைவன், ஆவேன் என்று உரக்கச் சொல்லித் திரிகிறான்.

அடுத்து, அந்த எண்ணத்தைத் தொட்ட உறவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இருக்கா, நிஞ்ஜாவின் அடையாளமான தன் நெற்றிப்பட்டையைக் கழற்றி நருட்டோவுக்குக் கட்டிவிடும் காட்சி, என்னைப் பொறுத்தவரை, அவனுடைய எந்தச் சண்டையையும்விட முக்கியமானது. மனதின் ஆழ்ந்த ஏக்கத்தைக் காட்டும் எரிசெட் கண்ணாடியில் ஹாரி தன் குடும்பத்தைக் காண்கிறான். பெரிய குடும்பத்தில் பிறந்த அவன் நண்பன் ரான் அதில் தன்னை மட்டுமே காண்கிறான். நண்பனின் ஏக்கத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் ஹாரியின் ஏக்கம் முழுமையாகப் புரியும்.

வயதையும் கவனியுங்கள்: முதல் நூலின் 11 வயது ஹாரியை, தொடரின் பிற்பகுதியில் பெரும் போரை முடித்துவிட்ட நருட்டோவின் அருகில் நிறுத்துவது நியாயமாகாது.