தைராய்டு கேன்சர் பயத்துல சோயாவ நிறுத்தறதுக்கு முன்னாடி உப்பு டப்பாவ பாருங்க

சேலத்துல எந்த லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்ப தொறந்தாலும் ஒரு லிஸ்ட் சுத்திக்கிட்டே இருக்கு, கோஸ் கூடாது காலிஃப்ளவர் கூடாது சோயா கூடவே கூடாது குச்சிக்கிழங்க (மரவள்ளி) தொடவே கூடாதுன்னு, அத படிச்சுட்டு தைராய்டு பிரச்சனையே இல்லாதவங்க கூட கேன்சர் வந்துரும்னு பாதி காய வாங்கறதையே விட்டுடறாங்க. இந்த கேன்சர் ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ஏறக்குறைய மூணு மடங்கு வருது, அதனால பயம் வர்றது நியாயம்தான். ஆனா அந்த லிஸ்ட்ட வச்சு சமையல மாத்துனா பிரயோஜனம் கம்மி. நான் சொல்ற வரிசையில பாருங்க.

மொதல்ல சோயா, ஏன்னா அதுக்குத்தான் கெட்ட பேரு அதிகம். சோயாவுல டெய்ட்சீன், ஜெனிஸ்டீன்னு ரெண்டு சத்து இருக்கு, ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளை ஹார்மோன் மாதிரி லேசா வேலை செய்யும், அதனால ஃபைட்டோஈஸ்ட்ரோஜன்ம்பாங்க. லேப்ல வச்சு பார்த்தா இது தைராய்டு ஹார்மோன் உருவாக்கற என்சைம கொஞ்சம் தடுக்குது, பயம் கிளம்புனது அங்கதான். ஆனா அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ பக்கம் தைராய்டு கேன்சர் வந்த 608 பொம்பளைங்களையும் வராத 558 பேரையும் வச்சு 2002ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல சோயா உணவு அதிகம் சாப்பிட்டவங்களுக்கு ரிஸ்க் கம்மியாத்தான் தெரிஞ்சது, வெள்ளைக்காரங்க, ஆசியாக்காரங்க ரெண்டு பேருக்கும் அதே மாதிரி. ரிஸ்க் கம்மியானதோட அதிகம் சம்பந்தப்பட்டதா அந்த ரெண்டு சத்தும், செகோ ஐசோலாரிசிரெசினால்னு (பேர மறந்துடுங்க, ஆளி விதைல நெறைய இருக்கற லிக்னான் வகை) ஒண்ணும் தெரிஞ்சுது. ரிஸ்க் கம்மியா தெரிஞ்ச சாப்பாட்டுல அல்ஃபால்ஃபா முளையும் இருக்கு, அது வேற ஒண்ணுமில்ல, நம்ம பக்கம் மாட்டுக்கு போடற குதிரைமசால்தான், அதுக்காக தொழுவத்துக்கு போயிடாதீங்க.

ஒரே ஒரு விஷயம், இது ஞாபகத்துல இருந்து என்ன சாப்பிட்டோம்னு கேட்டு எழுதுன ஆராய்ச்சி, சோயா தின்னா கேன்சர் வராதுன்னு நிரூபிக்கல. அதே ஆராய்ச்சில சோயா மாவு கலந்த பாக்கெட் ஐட்டங்களால ரிஸ்க் கூடவும் இல்ல குறையவும் இல்ல. அதனால ஐசோஃப்ளேவோன் (மேல சொன்ன டெய்ட்சீன், ஜெனிஸ்டீன் வகை) கேப்சூல், சோயா கலந்த ஹெல்த் மிக்ஸ்னு காச கரியாக்க வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைல சோயா பயறு வாங்கி ராத்திரி ஊறவச்சு, குக்கர்ல நல்லா மசிய வேகவச்சு சுண்டலா வாரத்துல ரெண்டு நாள் பண்ணுங்க, அரைவேக்காடு ஆகாது. ஆளி விதைய வறுத்து பொடிச்சு இட்லிப் பொடியோட கலந்துக்கங்க, முழுசா போட்டா அப்படியே வெளிய போயிரும். எள்ளுலயும் இந்த லிக்னான் குடும்பத்து சத்து இருக்கு, எள்ளுப் பொடி நம்ம வீட்ல எப்பவும் இருக்கறதுதானே.

இப்ப உப்பு. கோஸ், காலிஃப்ளவர், குச்சிக்கிழங்கு மூணுலயும் இருக்கற சத்து உடம்புக்குள்ள போய் தயோசயனேட்டா மாறும், அது தைராய்டு அயோடின இழுத்துக்கறத தடுக்கும், ஆனா போதுமான அயோடின் உடம்புல இருந்தா சாதாரணமா சாப்பிடற அளவுக்கு ஒண்ணும் பண்ணாது. நியூ கலிடோனியாங்கற தீவுல தைராய்டு கேன்சர் பொம்பளைங்களுக்கு ரொம்ப அதிகம், அங்க பார்த்தப்ப கோஸ் வகை காய் அதிகம் சாப்பிட்டதோட ரிஸ்க் கூடுனது அயோடின் கம்மியா இருந்த பொம்பளைங்களுக்குத்தான். அதனால கோஸ நிறுத்தறதுக்கு முன்னாடி வீட்ல என்ன உப்புன்னு பாருங்க. இப்ப ஸ்டைலா இந்துப்பு, பிங்க் சால்ட்னு வாங்கறாங்க, அதுல பெரும்பாலும் அயோடின் சேர்க்கறதில்ல, மூட்டைல வர்ற கல்லுப்பும் சிலது அப்படித்தான். பாக்கெட்ல அயோடின் கலந்ததுன்னு அச்சடிச்சிருக்கணும், நம்ம கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்கணும்னு சட்டம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கர்ப்பமா இருந்தா 250. அடுப்பு பக்கத்துல தொறந்து வைக்காம மூடி போட்ட டப்பால வைங்க, குழம்பு இறக்கறப்ப உப்பு போடுங்க, அதுக்காக அதிகமா அள்ளிப் போடாதீங்க, பிபி வேற இருக்கு. கடல்பாசி மாத்திரையும் வேண்டாம், அயோடின் கூடுனாலும் தைராய்டு கெடும்.

குச்சிக்கிழங்கு நம்ம ஊர் சமாச்சாரம், ஆத்தூர் பக்கம் போனா வழியெல்லாம் அதுதான். தோல்லதான் விஷச்சத்து அதிகம், தடியா சீவிட்டு துண்டு போட்டு தண்ணி நெறைய விட்டு தொறந்த பாத்திரத்துல வேகவச்சு அந்த தண்ணிய கொட்டிருங்க. கசந்தா துப்பிருங்க, ஜவ்வரிசி மில்லுக்கு போற கிழங்க வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க. ஜவ்வரிசில பயமில்ல, அரைச்சு கழுவி வறுக்கறதுல பெரும்பாலும் போயிரும். கம்புலயும் தைராய்ட தடுக்கற ஃப்ளேவோன் இருக்கு, சூடான்ல கம்பே முக்கிய சாப்பாடா இருந்த பக்கம் கழுத்து வீக்கம் பார்த்திருக்காங்க, அது கேன்சர் இல்ல, நாம கம்மங்கூழ் குடிக்கறது எப்பவாவதுதான். ஏற்காட்டு சௌசௌ தாராளமா சாப்பிடுங்க.

ஏற்கனவே தைராக்ஸின் மாத்திரை போடறவங்களுக்கு சோயா வேற விதத்துல பிரச்சனை, மாத்திரை உடம்புல சேராம தடுக்கும். விடிகாலைல வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கேப் விடுங்க (ஏற்காட்டு காபியானாலும் இதே கதிதான்), கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நாலு மணி நேரம். ஆபரேஷன் முடிஞ்சு ரேடியோ அயோடின் (கதிர்வீச்சு உள்ள அயோடின் மருந்து) குடுக்கப் போறாங்கன்னா நான் மேல சொன்ன உப்பு கதை தலைகீழாயிரும், அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு வாரம் அயோடின் உப்பு, மீன், பால் எல்லாம் குறைக்க சொல்வாங்க, டாக்டர் சொல்றபடி மட்டும் கேளுங்க.

கடைசியா, எந்த சாப்பாட்ட மாத்தறதுக்கும் மேல இது. கண்ணாடி முன்னாடி தலைய லேசா தூக்கி ஒரு வாய் தண்ணி முழுங்குங்க, கழுத்துல கட்டி இருந்தா ஏறி இறங்கும். கட்டி தெரிஞ்சாலோ, வாரக்கணக்குல குரல் கரகரன்னு இருந்தாலோ, முழுங்க கஷ்டமா இருந்தாலோ போய் காமிங்க, பெரும்பாலான கட்டி கேன்சர் இல்ல. டிஎஸ்எச் (தைராய்டு ரத்த டெஸ்ட்) நார்மல்னு ரிப்போர்ட் வந்தா கட்டிய விட்டுடாதீங்க, கேன்சர் இருந்தாலும் டிஎஸ்எச் பெரும்பாலும் நார்மலாவே இருக்கும், ஸ்கேனும் தேவைப்பட்டா ஊசி டெஸ்ட்டும்தான் சொல்லும். ஒண்ணுமே இல்லாதவங்க பேக்கேஜ்ல கழுத்து ஸ்கேன் எடுக்காதீங்க, தென் கொரியாவுல அப்படி எல்லாரும் எடுத்து 2011ல தைராய்டு கேன்சர் கணக்கு 1993ய விட 15 மடங்கு ஏறுச்சு, சாவு எண்ணிக்கை மாறவே இல்ல, நெறைய பேருக்கு தைராய்ட எடுத்துட்டு ஆயுசுக்கும் மாத்திரைன்னு ஆனதுதான் மிச்சம். ஏற்காட்டுலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் ஜிஎச்சுக்கு வர்றவங்க பழைய ஸ்கேன், போடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு வாங்க, வீட்ல யாருக்காவது தைராய்டு கேன்சர் இருந்ததுன்னா அத மொதல்லயே சொல்லிருங்க.