பல் தேய்த்ததும் கொப்பளிக்கிறீர்களா?

1970களில் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளி வாய்க்கால் ஓரம் வரிசையாகக் குந்தி, கையில் பிளாஸ்டிக் குவளையோடு பல் தேய்த்த கதையைச் சொல்வார்கள். அருமையான பழக்கம். ஆனால் முடிவில் குவளைத் தண்ணீர் தீரும்வரை கொப்பளிப்பதைத்தான் இன்று பல் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

சாப்பிட்ட சர்க்கரையை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அவற்றை மெல்லத் திருப்பிக் கொடுக்கும். பேஸ்ட்டிலுள்ள ஃபுளோரைடு இந்த வேலையை விரைவுபடுத்துவதோடு, புதிதாகப் படியும் பரப்பை அமிலம் எளிதில் கரைக்காதபடி உறுதியாக்கவும் செய்கிறது. அதற்கு அது பல்லில் சற்று நேரம் தங்க வேண்டுமே! தேய்த்தவுடன் கொப்பளிப்பது, மருந்து தடவிய கையோடு குழாயில் கழுவுவது மாதிரி. நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். முதலில் சில நாள் வாய் ஒரு மாதிரி இருக்கும், பழகிவிடும்.

பழைய பற்பசையில் சுண்ணாம்புத் தூளும் சோப்பும்தான் முக்கியச் சரக்கு. கோல்கேட் 1873இல் அதைச் சாடியில் விற்றது. டியூபுக்கு மாறியது 1896இல். அமெரிக்காவில் கிரெஸ்ட் 1956இல் ஃபுளோரைடோடு பரவலாகக் கடைக்கு வந்தது. பேஸ்ட் மருந்தாகிவிட்டது, நம் கை மட்டும் இன்னும் பல்பொடிக் காலத்திலேயே தேய்த்துக்கொண்டிருக்கிறது.

நுரை பொங்கினால்தான் சுத்தம் என்ற நினைப்பும் அந்தக் காலத்துச் சரக்குதான். நுரைக்குக் காரணம் சோடியம் லாரில் சல்ஃபேட். அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் அது இல்லாத பேஸ்ட்டை முயன்று பார்க்கலாம். விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கத் தேவையில்லை. பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு போதும்.

கரிப் பேஸ்ட் மோகத்தை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. பாட்டி கரித்தூளில் தேய்த்தபோது முகம் சுளித்தவர்கள், அதையே டியூபில் அடைத்துக் கூடுதல் விலை சொன்னால் வாங்குகிறார்கள். கோப்பிக் கறையை அது சுரண்டும்தான். அழுத்தித் தேய்த்து எனாமல் மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரியத் தொடங்கி, பல் இன்னும் மஞ்சளாகும். பல கரிப் பேஸ்ட்களில் ஃபுளோரைடே கிடையாது. தேக்காவில் வாங்கும் மூலிகைப் பேஸ்ட்டிலும் இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றவர்கள் காலத்தில் பபிள் டீ இல்லை.

“சிங்கப்பூர்த் தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கிறதே?” இருக்கிறது, 1950களிலிருந்தே. ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பேஸ்ட்டில் பொதுவாக 1,000 முதல் 1,500 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு. தண்ணீரில் அந்தக் கணக்கில் ஒன்றுகூடத் தேறாது. ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது.

லைம் ஜூஸ் குடித்த கையோடு தேய்க்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். பல்கூச்சத்துக்கான பேஸ்ட்டை நாலு நாளில் தூக்கிப் போடாதீர்கள். பொட்டாசியம் நைட்ரேட் கலந்தவை வேலை காட்டச் சில வாரம் பிடிக்கும்.

டியூபின் அடியிலுள்ள வண்ணச் சதுரம் பச்சையென்றால் இயற்கை, கறுப்பென்றால் ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சுத்தப் புரளி. டியூபை எங்கே வெட்டி ஒட்டுவது என்று இயந்திரத்துக்குக் காட்டும் குறி அது.