அரச பணிக்கு எந்த முதுமாணி?

அரச சேவையை நோக்கி முதுமாணிக் கற்கைநெறி தேடும் யாழ்ப்பாணப் பட்டதாரிகள், எந்தக் கதிரையில் இருந்து யாருடைய பிரச்சினையைத் தீர்க்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இலங்கை நிருவாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு இளமாணிப் பட்டமே போதும். ஆனால் வயதெல்லை உண்டு. முதுமாணியை முடித்துவிட்டுப் பரீட்சை எழுதலாம் என்று காத்திருப்பவர்கள், திரும்பக் கிடைக்காத வாய்ப்பை இழக்கக்கூடும். பரீட்சைக்குத் தோற்றிக்கொண்டே படிப்பதுதான் சரியான வழி. சேவையில் இணைந்த பின்னர் கொழும்பிலுள்ள இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகத்தில் பொது முகாமைத்துவ முதுமாணியைத் தொடரும் வழியும் இருக்கிறது.

துறையைத் தெரிவுசெய்வதற்கு, பிரதேச செயலகம் ஒன்றின் காணிக் கிளையில் ஒரு முற்பகல் இருந்து பாருங்கள். இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்துவிட்டு மீளக்குடியமர்ந்த குடும்பம் ஒன்று, கிராம அலுவலரின் கடிதத்தையும் பழைய வரிப்பற்றுச் சீட்டையும் நீட்டியபடி நிற்கும். அவர்களுக்கு விடை சொல்பவருக்குக் காணிச் சட்டமும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் ஆவணங்களைச் சரிபார்க்கும் பழக்கமும் தேவை. முகாமைத்துவப் பட்டம் மட்டும் அங்கே போதாது. திட்டமிடல் கிளையை விரும்புவோருக்குப் பொருளியலும் புள்ளிவிபரவியலும் கைகொடுக்கும். குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையிலுள்ள நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருப்பதால், நீர், சுற்றாடல் சார்ந்த கற்கையும் பொதுப்பணிக்கு நேரடியாகப் பயன்படும் என்பதே என் உறுதியான எண்ணம்.

அடுத்து, பட்டங்களையும் பிற தகைமைகளையும் மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் கற்கைநெறியின் மட்டத்தைப் பாருங்கள். 9ஆம் மட்ட முதுமாணிக்குக் குறைந்தது 30 கிரெடிட். 10ஆம் மட்டத்துக்கு ஆய்வையும் சேர்த்து 60. பின்னாளில் கலாநிதிப் பட்டம் வரை செல்ல எண்ணுவோர் ஆய்வுள்ளதையே தெரிவுசெய்வது நல்லது. ஆய்வுத் தலைப்பையும் உங்கள் மாவட்டத்திலிருந்தே எடுங்கள். தேவைப்படும் கோப்புகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம்.

சிங்களத்தை ஒத்திவைக்க வேண்டாம். அரச உத்தியோகத்தர்கள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டியிருப்பதால், படிக்கும் காலத்திலேயே அதைத் தொடங்கினால் பதவிக்கு வந்த பின் சுமை குறையும்.

பணம் கட்டுமுன் வகுப்பு நாட்களைக் கேட்டறியுங்கள். வார இறுதி தோறும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வருவதற்கான செலவையும் களைப்பையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு, திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உங்கள் துறைக்குரிய கற்கை இருக்கிறதா என்பதையும் விசாரித்த பின்னரே விண்ணப்பியுங்கள்.