குருத்து சிவக்கும் அலங்காரப் பனைகள்: வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறை

மாமரம் தளிர்க்கும் நாட்களில் கிளை நுனிகள் செம்பழுப்பாக மின்னுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பனைக் குடும்பத்தைச் சேர்ந்த சில மரங்களிலும் இதுவே நிகழ்கிறது. குருத்து விரியும்போது ஓலை முழுவதும் சிவப்பாகவோ செம்பு நிறமாகவோ இருந்து, பின்னர் மெல்லப் பச்சைக்கு மாறுகிறது. இளம் ஓலையில் பச்சையம் இன்னும் நிறையாதிருக்க, ஆந்தோசயனின் என்னும் நிறமி மிகுந்திருப்பதே இதற்குக் காரணம். குரோட்டன்ஸ் செடியைப் போல ஆண்டு முழுவதும் நிறம் காட்டும் என்று எதிர்பார்த்து இவற்றை வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஓர் ஓலையின் சிவப்பு பெரும்பாலும் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரைதான் நிற்கும். மரமோ ஆண்டுக்குச் சில ஓலைகளை மட்டுமே விடும். ஆகவே, குருத்துகள் தடையின்றி வரும்படியும், வந்த குருத்து வெயிலில் கருகாதபடியும் பார்த்துக்கொள்வதே இவ்வளர்ப்பில் நாம் செய்யவேண்டிய வேலை.

இவ்வகையில் பெயர்பெற்றது சேம்பெய்ரோனியா மாக்ரோகார்ப்பா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூ கலிடோனியாவின் ஈரக் காடுகளே இதன் தாயகம். ஒற்றைத் தண்டும், கமுகைப் போன்ற வழவழப்பான பச்சைக் கழுத்தும் (தண்டின் உச்சியில் மட்டைகளின் அடிப்பாகம் உருளையாகச் சுற்றிய பகுதி), அகன்ற ஈர்க்கிலைகளும் (ஓலையின் தனித்தனி இதழ்கள்) கொண்ட இம்மரம் மிக மெதுவாக வளரும். காட்டு மரத்தின் நிழலில், ஓடைக்கரை ஈரத்தில் முளைத்துப் பழகியது என்பதை நினைவில் வைத்தால், இதற்கு என்ன வேண்டும் என்பதில் பாதி விளங்கிவிடும். கன்னியாகுமரி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம், ஏற்காடு போன்ற பகுதிகளில் உள்ளவர்கள் இதைத் துணிந்து நடலாம். சென்னையிலோ மதுரையிலோ சித்திரை, வைகாசி மாதங்களின் வறண்ட காற்று இதற்கு ஒத்துக்கொள்ளாது. அங்கு நிழல்வலையும் அன்றாடத் தண்ணீரும் இல்லாமல் இதைக் காப்பாற்றுவது கடினம்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு வேறு தேர்வுகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தைச் சேர்ந்த ஆர்கன்டோபீனிக்ஸ் டக்கரி வெப்பத்தைத் தாங்கும். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் விரைவாக வளர்ந்து, செம்பழுப்புக் குருத்துகளை அடுத்தடுத்து விடும். வெட்டவெளியும் கடற்காற்றும் உள்ள மனைக்கு ரெயூனியன் தீவின் சிவப்பு லத்தானியா பொருந்தும். இது நம் பனைமரத்துக்கு நெருங்கிய உறவு. விசிறி ஓலையும், ஆண் பெண் மரங்கள் தனித்தனியாக இருப்பதும் அதைப் போலவே. ஆனால் இதன் செந்நிறம் மட்டையிலும் ஓலை விளிம்பிலும் இளம் பருவத்தில்தான் தெரியும், மரம் முதிர முதிர மறைந்துவிடும். தொட்டியில் வளர்க்க விரும்புவோர் நியூ கினியாவைச் சேர்ந்த கலிப்ட்ரோகேலிக்ஸ் இனங்களில் சிறியவற்றையும், நம் கமுகின் பேரினத்தைச் சேர்ந்த அரீக்கா வெஸ்டியாரியாவின் செவ்விலை வகையையும் தேடலாம். இரண்டுக்கும் நிழலும் காற்றில் ஈரமும் இன்றியமையாதவை.

கன்று வாங்கும்போது ஒரு விதியைக் கடைப்பிடிப்பது நல்லது. விதையிலிருந்து வளரும் கன்றுகள் எல்லாம் ஒரே அளவு சிவப்பதில்லை. ஒரே மரத்து விதைகளில் ஒன்று அடர்சிவப்பாகவும் மற்றொன்று வெறும் பழுப்பாகவும் குருத்து விடுவது உண்டு. எனவே, இணையத்தில் மெருகேற்றிய படத்தை நம்பாமல், குருத்து விரிந்த நிலையில் கன்றை நேரில் பார்த்தே வாங்கவேண்டும். விதை போட நினைப்பவர்கள் உலர்ந்த பழைய விதையைத் தவிர்த்து, சதை நீக்கிய புதிய விதையை ஈரமான தென்னை நார்க்கழிவில் பாதி புதையும்படி வைத்து, சில மாதங்கள் பொறுமையுடன் காத்திருக்கவேண்டும்.

நடுவதற்கு வீட்டின் கிழக்குப் புறமே சிறந்தது. காலை வெயில் கிடைத்து, நண்பகலுக்குப் பின் சுவரின் நிழல் விழும். இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, செம்மண், ஆற்று மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் கன்றை நடவேண்டும். களிமண் நிலமாயின் ஓரடி மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது. வேரோடு சேர்ந்த மண் உருண்டையைக் கலைக்கக் கூடாது. கிழக்கு மாவட்டங்களில் ஐப்பசி மழை தொடங்கியதும், தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் ஆனி, ஆடியிலும் நட்டால் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். முதல் மூன்று கோடைகளுக்காவது ஐம்பது விழுக்காடு நிழல்வலை வேண்டும்.

தண்ணீரின் அளவைவிட அதன் தன்மையே பலருக்குச் சிக்கலாகிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் ஓலை நுனிகள் கருகும், குருத்து சிறுத்து வரும். அத்தகைய இடங்களில் மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், தூரைச் சுற்றி மூன்று விரற்கடை உயரத்துக்குச் சருகு மூடாக்கு இடுவதும் பயன் தரும். மூடாக்கு தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நீரைத் தூரில் விடவேண்டுமே தவிர, நாள்தோறும் குருத்தில் பீய்ச்சக் கூடாது. அங்கே ஈரம் தேங்கினால் தென்னையில் காணும் குருத்தழுகல் இங்கும் வரலாம். இழுத்ததும் நடுக்குருத்து கையோடு வந்து துர்நாற்றம் வீசினால் அந்த மரம் பிழைப்பது அரிது.

உரத்தில் தழைச்சத்தை மட்டும் கொட்டுவது தவறு. அடியோலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் பரவினால் சாம்பல் சத்துக் (பொட்டாசியம்) குறைவு என்றும், நடுப்பகுதி பச்சையாக இருக்க விளிம்பு மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியக் குறைவு என்றும் கொள்ளலாம். இந்நிலையில் அழகு கருதி அவ்வோலைகளை வெட்டிவிடுவதுதான் பெருந்தவறு. மரம் சாம்பல் சத்தை அவற்றிலிருந்து உறிஞ்சித்தான் அடுத்த குருத்துக்கு அனுப்புகிறது. முழுதும் காய்ந்து பழுப்பான பின்னரே நீக்கவேண்டும். கமுகுக் கழுத்துடைய வகைகளில் மட்டை தானாகவே கழன்று விழும்; அதுவரை பிய்த்து இழுக்காமல் இருந்தால் போதும்.

குருத்து விரியும் வாரத்தில் தனிக் கவனம் தேவை. வாள் போல நிமிர்ந்து நிற்கும் குருத்து நுனியிலிருந்து பிளந்து, ஈர்க்கிலைகள் ஈரத்துணி போல் தொங்கியபடி வெளிவரும். நகம் பட்டாலே கறுத்த வடு விழும் அளவுக்கு அவை மென்மையானவை. அந்நாட்களில் எந்த மருந்தையும் அதன்மேல் தெளிக்கக் கூடாது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ அலங்காரப் பனைகளையும் விடுவதில்லை. முதிர்ந்த ஓலைகளின் அடிப்புறத்தில் மட்டும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். காண்டாமிருக வண்டின் புழுக்கள் எருக்குழியில் வளர்வதால், மக்காத சாணத்தைத் தூரில் குவிக்கவோ, எருக்குழியை மரத்துக்கு அருகில் அமைக்கவோ கூடாது. தென்னைக்குச் செய்வதுபோல் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து மட்டை இடுக்கில் இடும் முறை லத்தானியாவுக்கு உதவும்; கழுத்து மூடிய வகைகளில் அதற்கு இடமில்லாததால், குருத்தில் துளையோ சக்கையோ தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து, வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுத்துவிடவேண்டும்.