பெயிண்ட் ரிமூவர் டப்பாவைத் திறக்கும் முன்

பழைய பெயிண்டை உரிக்கும் ரிமூவர் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். லேபிளில் டைகுளோரோமீத்தேன் என்றும் போட்டிருக்கலாம். என்னிடம் வேலை பழக வருகிறவர்களை முதலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். இருந்தால், சுரண்டியோ வேறு ரிமூவர் போட்டோ வேலையை முடிக்க முடியுமா என்று யோசிப்போம். முடியுமென்றால் இதைத் திறக்கவே வேண்டாம்.

வேறு வழியில்லையா? சரி, இடத்தைப் பாருங்கள். இது 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம், அதனால் சாதாரணச் சூட்டிலேயே வேகமாக ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். குளியல் தொட்டி, டேங்க், நிலவறை என்று பள்ளமான இடமெல்லாம் அது தேங்கிவிடும். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டியில் பெயிண்ட் உரித்தவர்களில் 13 பேர் இதனால் இறந்தார்கள். தொட்டிக்குள் குனிந்தால் மூக்கு நேராக ஆவிக்குள்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொருளை வெளியே, திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள்.

இனிப்பான வாடை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி காற்றில் இந்த ஆவியின் 8 மணி நேரச் சராசரி 25 பிபிஎம்மைத் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) தாண்டக் கூடாது. வாடை தெரிவதற்குள் பெரும்பாலும் அதைத் தாண்டியிருக்கும். வடிகட்டி மாட்டிய சாதாரண காட்ரிட்ஜ் மாஸ்க்கும் சீக்கிரமே ஆவியை உள்ளே விட்டுவிடும். மூடிய இடத்தில் செய்தே ஆகவேண்டுமென்றால், குழாய் வழியாக வெளிக்காற்று வரும் மாஸ்க் வேண்டும். அது இல்லையென்றால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.

நைட்ரைல், லேட்டக்ஸ் கையுறைகளைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பல அடுக்கு லேமினேட் கையுறை வாங்குங்கள். டப்பா சூடாகியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், மூடியை மெதுவாகத் திறங்கள். பக்கத்தில் வெல்டிங், சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. சூடு பட்டால் பாஸ்ஜீன் என்ற கொடிய வாயு உண்டாகும்.

தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், தனி மூச்சுக்கருவி இல்லாமல் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள். அப்புறம் ஒன்று: உடலுக்குள் இது கார்பன் மோனாக்சைடாக, அதாவது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாத நச்சு வாயுவாக மாறும், வெளியே வந்த பிறகும் பல மணி நேரம். இதய நோயாளிகளுக்கு இது மிக ஆபத்து. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இதைக் காட்டாது. ஆகவே மருத்துவரிடம் ரசாயனத்தின் பெயரைச் சொல்லி, ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.