சத்தம் தாங்காத காதுக்கு ஹிப்ஹாப்: எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

கதவு படார்னு சாத்துனாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும், பக்கத்துல யாராவது விசில் அடிச்சா ரெண்டு கையும் தானா காதுக்குப் போயிடும், ஆனா நான் தினமும் கேட்கிறது ஹிப்ஹாப் தான். வால்யூமைக் குறைச்சுக் கேட்டா போதாதான்னு நிறைய பேர் கேட்பாங்க. போதாது. நம்மளைப் படுத்துறது பெரும்பாலும் பாட்டுக்குள்ள இருக்கிற ஏதோ ஒரே ஒரு சத்தம், அது எதுன்னு கண்டுபிடிச்சுட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா சரியாகும். அதைக் கண்டுபிடிக்கிற வழியைத்தான் இங்க எழுதுறேன்.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், காதுல வலி, விடாத இரைச்சல், இல்ல திடீர்னு புதுசா சத்தம் தாங்காம போறதுன்னு இருந்தா முதல்ல காது டாக்டரைப் பாருங்க, இதெல்லாம் அப்புறம்.

படி 1: ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு போன் ஸ்பீக்கர்ல கேளுங்க

போன் ஸ்பீக்கர் ரொம்ப சின்னது, அதால அடி பேஸைத் தள்ளவே முடியாது, அதனால ஒரு பாட்டோட அடிவயிறு முழுக்க காணாம போய் குரலும் ஸ்னேரும் (சுளீர்னு அடிக்கிற டிரம்) ஹை-ஹாட்டும் (ஜால்ரா மாதிரி ஜோடித் தட்டு) மட்டும் மிஞ்சும். இப்ப நிம்மதியா இருக்கா? அப்ப உங்க பிரச்சினை பேஸ். இன்னும் எரிச்சலா இருக்கா? அப்ப மேல இருக்கிற ஏதோ ஒண்ணு. ரெண்டு நிமிஷ சோதனைதான், ஆனா நான் இதைச் செய்யாம ரொம்ப நாள் வீணாக்கியிருக்கேன்.

படி 2: ஒவ்வொரு சத்தமா பிரிச்சுப் பாருங்க

இங்கதான் பொறுமை வேணும்.

முதல்ல 808, அதாவது ஹிப்ஹாப்ல வர்ற அந்த ஆழமான பேஸ். ரோலண்ட் கம்பெனி 1980ல விட்ட டிஆர்-808ங்கிற டிரம் மெஷின் பேர்லதான் இப்பவும் அந்த பேஸைக் கூப்பிடுறாங்க, மெஷினை 1983லயே நிறுத்திட்டாங்க ஆனா சத்தம் நிக்கல. அதோட கிக் (அடி டிரம்) டப்புன்னு முடியாது, டூம்ம்ம்னு இழுத்துக்கிட்டே போகும், 50 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிறதால காதை விட நெஞ்சுக்கும் உக்கார்ந்திருக்கிற நாற்காலிக்கும்தான் முதல்ல தெரியும். எனக்கு அது கனமான போர்வை போர்த்தின மாதிரி, உடம்பே அடங்கும். இன்னொருத்தருக்கு அதே சத்தம் குமட்டும். ஸ்பீக்கர் பெட்டி மேல உள்ளங்கையை வெச்சுப் பாருங்க, உங்க உடம்பு அதை ஏத்துக்குதா இல்லையான்னு கை சொல்லிடும்.

அடுத்தது ஸ்னேர். கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள உச்சிக்குப் போயிட்டு வந்துடும், அந்த வேகம்தான் நம்மள மாதிரி ஆளுங்களை உலுக்குறது. நல்ல விஷயம் என்னன்னா பெரும்பாலும் ரெண்டாவது, நாலாவது தட்டுலதான் விழும், அதனால கூடவே தலையை ஆட்டிக்கிட்டு எண்ணுங்க, எப்ப வருதுன்னு தெரிஞ்ச சத்தம் பாதிகூட பயமுறுத்தாது.

ஹை-ஹாட், இதுதான் என் எதிரி. டிராப்ங்கிற ஹிப்ஹாப் வகைப் பாட்டுல 140 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 140 தட்டு) முப்பத்திரண்டாம் நோட்டுக்கு, அதாவது ஒரு தட்டை எட்டாப் பிரிச்சு உருட்டுனா ஒரு செகண்டுக்கு 18 தடவைக்கு மேல அடிக்குது, ட்ர்ர்ர்ர்னு மெல்லிசா ஊசி குத்துற மாதிரி. நான் பேஸ்தான் தலைவலி தருதுன்னு நம்பி பேஸைக் குறைச்சுக்கிட்டே இருந்தேன், ஒரு நாள் இக்யூல (ஈக்வலைசர், சத்தத்தைப் பட்டை பட்டையா ஏத்தி இறக்குற செட்டிங்) 8 கிலோஹெர்ட்ஸ் பட்டையைக் கீழ இழுத்தப்பதான் அதுவரைக்கும் காதோரமா தூக்கி வெச்சிருந்த தோள் ரெண்டும் இறங்குச்சு. தோளைத் தூக்கி வெச்சிருந்ததே அப்பதான் தெரிஞ்சது.

கடைசியா குரல். ராப்ல மைக் வாய்க்கு ரொம்பக் கிட்ட இருக்கும், மூச்சு, உதடு ஒட்டிப் பிரியுற சத்தம், ஸ் ஸ்னு சீறுறது எல்லாமே காதுக்குள்ள வரும், போதாக்குறைக்கு இடது காதுல ஒருத்தர் வலது காதுல ஒருத்தர்னு குட்டிக் கத்தல் வேற. வாய்ச் சத்தமே ஆகாதவங்க இன்ஸ்ட்ருமென்டல் வெர்ஷன்ல ஆரம்பிங்க, ஹிப்ஹாப்ல அதுக்குப் பஞ்சமே இல்ல. ரெண்டு பக்கமும் மாறி மாறி வர்றது தொல்லைன்னா போன்ல மோனோ ஆடியோ (ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம் தர்ற செட்டிங்) ஆன் பண்ணுங்க.

படி 3: இக்யூல ஒரே ஒரு பட்டையைத் தொடுங்க

கண்டுபிடிச்ச சத்தத்துக்கு ஏத்த பட்டையை மட்டும் 3 இல்ல 4 டெசிபல் குறைங்க. எல்லாத்தையும் இழுத்தா பாட்டே செத்துப்போகும்.

படி 4: உங்க காதுக்கு ஏத்த வகையைத் தேடுங்க

பூம்-பேப்ல, அதாவது பழைய பாணி ஹிப்ஹாப்ல ஆரம்பிக்கச் சொல்வேன். 85லேர்ந்து 95 பிபிஎம், நடக்கிற வேகம். அந்தக் காலத்துல நிறைய பேர் வெச்சிருந்த எஸ்பி-1200 சாம்ப்ளர் (ரெக்கார்டுலேர்ந்து சாம்பிள்னு சத்தத்துண்டு எடுத்து வாசிக்கிற மெஷின்) 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ்ங்கிற குறைஞ்ச தரத்துலதான் பதியும், அதனால சாம்பிளோட உச்சிக் கூர்மை உள்ள வராது, கொஞ்சம் கரகரன்னு இருந்தாலும் கண்ணாடி உடையுற மாதிரி இருக்காது. லோ-ஃபை, அதாவது வேணும்னே பழசு மாதிரி மங்கலா பண்ற வகை, இன்னும் மெத்துனு இருக்கும், ஆனா ரெக்கார்டு பொரியுற சத்தம் சேர்த்திருப்பாங்க, சிலருக்கு அது மழை மாதிரி சுகம் சிலருக்கு அதுவே வதை. ஜே டில்லாங்கிற தயாரிப்பாளரோட டிரம்ஸ் வேணும்னே தாளக் கட்டத்தை விட்டு முன்னப்பின்ன விழும், அடுத்தது எப்பன்னு தெரியணுங்கிறவங்க அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. டிரில்ங்கிற வகைல 808 சுருதி மாறி வழுக்கிக்கிட்டே போகும், குமட்டுறவங்களுக்கு வேணாம்.

எனக்கு இந்த இசை ஏன் இவ்வளவு ஒத்துப்போகுதுன்னா லூப். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ்ல தன் தங்கச்சி வெச்ச பார்ட்டில டிஜே கூல் ஹெர்க் ரெக்கார்டு போட்டதைத்தான் ஹிப்ஹாப் பிறந்த நாள்னு கொண்டாடுறாங்க, ஒரே ரெக்கார்டு ரெண்டு வெச்சு அதே டிரம் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுனதுதான் அவரோட வித்தை. அந்தத் திரும்பத் திரும்பதான் நமக்கு வரம், நாலு பார் (ஒரு பார்னா நாலு தட்டு) கேட்டா அடுத்தது தெரிஞ்சுடும்.

படி 5: திடீர் சத்தத்துக்கு வேலி போடுங்க

ஆரம்பத்துலயே சைரன், துப்பாக்கி, ஏர்ஹார்ன், தயாரிப்பாளர் பேரைக் கத்துறதுன்னு வரும், அதனால புதுப் பாட்டுன்னா முதல் தடவை போன் ஸ்பீக்கர்லதான். கெட்ட வார்த்தை நீக்கின வெர்ஷன் சாந்தமா இருக்கும்னு நினைக்காதீங்க, சில பாட்டுல நடுவுல சத்தம் டக்குன்னு அறுந்து வர்றது எனக்கு இன்னும் மோசம். ஆட்டோப்ளே ஆஃப், வால்யூம் நார்மலைசேஷன் (எல்லாப் பாட்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவர்ற செட்டிங்) ஆன்.

படி 6: வால்யூம்

உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 80 டெசிபல்னா 40 மணி நேரம், 90ன்னா 4 மணி நேரம். ஆனா ஒண்ணு, வால்யூமைக் குறைக்கக் குறைக்க மனுஷக் காதுக்கு முதல்ல மறையுறது பேஸ்தான், ஹை-ஹாட்டும் குரலும் நிக்கும். ஹாட் தாங்காதவங்க வெறும் வால்யூமைக் குறைச்சா சுகமான பகுதி போயி குத்துற பகுதி மட்டும் மிஞ்சும், அதனாலதான் இக்யூவை முன்னாடி வெச்சேன்.

நேர்ல ஷோவுக்குப் போறதா இருந்தா ஸ்பாஞ்ச் இயர்ப்ளக் மேல் சத்தத்தை நிறைய அமுக்கும், பேஸ் உடம்பு அதிர்வா வந்துக்கிட்டேதான் இருக்கும். பேஸ் ஆகாதவங்க சப்-வூஃபர் பக்கத்துலயும் சுவத்து மூலையிலயும் நிக்காதீங்க, மூலையில பேஸ் சேரும். வீட்டுக்கு வந்ததும் ப்ளக்கைக் கழட்டிடுங்க, அமைதியான இடத்துலயும் நாள் பூரா மாட்டியே இருந்தா காது இன்னும் கூச ஆரம்பிச்சுடும்.